மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து போனவள்

சுராபாயா,
புதன்கிழமை

அன்பு மகள் ரெத்னோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான், தைவான் குளிரில் உன் இருமல் விட்டதா என்பதுதான் இங்கே கவலை. மழையில் சமையலறைக் கூரையில் ஓடு இரண்டு போய்விட்டது, மாற்றியாயிற்று. போனில் சொல்ல வாய் வராத ஒரு சங்கதி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

புது நாடகத்துக்கு மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்து எனக்கு அலுத்துவிட்டது மகளே. கடைசியில் உன் கல்யாணம் நின்றுபோன நாளை எழுதிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள் என்று தெரிந்து அலங்காரத்தைக் கலைக்க வந்த அத்தையிடம், "மேக்கப்ப இப்பவே கலைக்கணுமா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றாயே, அதே வார்த்தை. பெண் வேடம் கட்டும் தர்முஜி அதை விசிறிக்கொண்டே சொன்னான், சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் அம்மா மட்டும் எழுந்து போனாள், நான் திரைக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வீட்டுக்கு வந்தால் ராவோன் குழம்பைச் சூடுபண்ணி வைத்துவிட்டு ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்: "அவ உள்ள அழுதுக்கிட்டிருந்தா, நீங்க பேனாவும் கையுமா உக்காந்திருந்தீங்க. மாப்ள வீட்டுக்குக் காட்டமா ஏதோ எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன்." நான் எழுதியது கடிதமில்லை. அன்றைக்கே குறித்துவைத்த வரிதான் அது. பதினோரு நாளாகச் சாப்பாடு போடுகிறாள், பேச்சில்லை.

அடுத்த ஆட்டத்தில் காட்சியை எடுத்துவிட்டேன், சனம் கொட்டாவி விட்டது. குழுத்தலைவர் காஸ்தி தினமும் வாசலில் வந்து நிற்கிறார், "யோவ், அந்த சீன்தான்யா நாடகமே. பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேளு, அவ என்ன வேணாம்னா சொல்லப்போறா" என்கிறார். மலாங்கில் பேசிவைத்த நான்கு ஆட்டமும் கைவிட்டுப் போகும்போலிருக்கிறது, போகட்டும். நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சிரித்துக்கொண்டே சரிப்பா என்றுவிடுவாய், அதனால்தான் கேட்கவில்லை. அன்றைக்குப் பேனாவை வைத்துவிட்டு உன்னிடம் உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அல்லாஹ் உனக்கு ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் குடி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மறக்காமல் போன் செய், எனக்காகப் பரிந்து எதுவும் பேசவேண்டாம், சும்மா பேசிக்கொண்டிரு.

உன் அப்பா,
வாகிமான்