பதினோரு மணி வரைக்கும் நேற்றுதான்

இன்று காலை ஒன்பதரை மணிக்கு உன் லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் தொங்கும் தினசரி காலண்டர் இன்னும் நேற்றைய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் கிழிக்கப் போனேன். உன்னிடம் வேலை பார்த்து, உன் நாற்காலியில் இப்போது உட்காரும் செல்வி பதறிவிட்டாள். "அண்ணா, கிழிச்சிடாதீங்க! நாலாம் நம்பர்ல நேத்து வந்தவங்க இன்னும் ரூம காலி பண்ணல."

நீ போய் நான்கு மாதமாகிறது. உன் சட்டம் மட்டும் போகவில்லை.

செங்கம் ரோட்டில் வேறு எந்த லாட்ஜிலும் இல்லாத சட்டம் அது. காலையில் எழுந்ததும் தேதி கிழிப்பது ஊர் வழக்கம். நீயோ பதினோரு மணிக்குக் கடைசி ஆள் சாவியைக் கொடுத்த பிறகுதான் கிழிப்பாய். ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உன் காலண்டரை நம்பி, ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று நிதானமாக இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போட்டதற்கு, "நேத்து வந்தவங்க ரூம்ல இருக்கிற வரைக்கும் எனக்கு நேத்துதான்டா" என்றாய். அந்த வெளிநாட்டுக்காரரைக் கார் வைத்து விமான நிலையத்துக்கு அனுப்பியதும் நீதான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது காலை எட்டு மணிக்கு, ஃபோனில். குரலிலேயே சிரிப்பு வழிந்தது. "டேய், உன் புரோகிராம்ல இன்னொரு தப்பு மாட்டிச்சு. ஃபோன்ல சொல்ல மாட்டேன். சாயங்காலம் வா. நீ மூஞ்சிய எப்படி வெச்சுக்கிறேனு நான் நேர்ல பாக்கணும்."

"நாளைக்கு வரேன்டா, வேலை ஜாஸ்தி" என்றேன்.

அன்று மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று உன்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் லாட்ஜுக்கு நான் எழுதிக் கொடுத்த அந்த புரோகிராமை நான்கு மாதமாக வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ கண்டுபிடித்த தப்பு எது என்று தெரியாமல் எனக்கு நிம்மதி இல்லை. தேடியதில் பல தப்புகள் கிடைத்தன. எல்லாம் சோப்ளாங்கித் தப்புகள். உனக்கு அப்படிச் சிரிப்பு வரவைக்கும் தகுதி எதற்கும் இல்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு திரும்பி, வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடி புரோகிராம் எழுதினேன். நீ பதினோரு அறை லாட்ஜுக்கு மேனேஜர் ஆனாய். ரூம் புக்கிங்குக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடு என்று நீதான் என்னை இழுத்துவிட்டாய். ஓனருக்கு இஷ்டமே இல்லை. "நோட்டுல எழுதினா கரண்ட் போனாலும் தெரியும்பா" என்றார். நீ விடவில்லை. என் சிநேகிதன் எழுதினது சார், நான் பொறுப்பு என்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிரிவலக் கூட்டம் வர்ற ஒரு பௌர்ணமி கெட்டுதுன்னா, நீ வேற வேலை பாத்துக்கோ." நீ சரி என்றாய்.

முதல் இரண்டு மாதம் தேதிகள் தாமாகவே இடம் மாறின. ஏப்ரல் மூன்றாம் தேதிக்கு ரூம் கேட்டவர் பெயர் மார்ச் நாலாம் தேதியில் போய் உட்காரும். நான் உன்னைத்தான் சந்தேகித்தேன். நீ தப்பாக அடிக்கிறாய் என்றேன். நீ ஒரு வாரம் ஒவ்வொரு புக்கிங்காகக் குறித்து வைத்தாய். பிறகு ஒரு காகிதத்தோடு வந்தாய். "உன் சாமானுக்கு ஒவ்வொரு மாசமும் முதல் பன்னெண்டு நாள்தான் பைத்தியம் புடிக்குது. பதிமூணுலருந்து ஒழுங்கா 'தப்பு தப்பு'னு கத்துது. பன்னெண்டுக்குள்ள இருந்தா சத்தமில்லாம மாத்திடுது. ஏன்?"

எனக்குச் சுருக்கென்றது. நீ நாள், மாசம் என்ற வரிசையில் எழுதினாய். நான் அதை அப்படியே எழுத்தாக ஒட்டி, தகவலைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸுக்கு அனுப்பினேன். அதுவோ மாதம்தான் முதலில் வரும் என்று வளர்க்கப்பட்டது. பதிமூன்றாவது மாதம் கிடையாது என்பதால் பன்னிரண்டுக்கு மேல் போனால் கத்தியது. பன்னிரண்டு வரைக்கும் தனக்குப் புரிந்ததை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் படிக்காத நீ ஒரு காகிதத்தில் கண்டுபிடித்ததை, படித்த நான் இரண்டு மாதமாகக் கண்டுபிடிக்கவில்லை. தேதியை எழுத்தாக ஒட்டாமல், தேதியாகவே தனியே அனுப்பும்படி மாற்றினேன். எழுதித்தான் ஆகவேண்டிய இடத்தில் வருஷம், மாசம், நாள் என்ற வரிசை. அதில் யாருக்கும் குழப்பம் வராது.

அந்த வரிசை உன்னைப் பிடித்துக்கொண்டது. பால்காரர் அட்டையில்கூட வருஷத்தை முதலில் எழுத ஆரம்பித்தாய். உன் மகள் பிறந்தநாள் கேக்கிலும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாய். பேக்கரிக்காரர் அதை ஃபோன் நம்பர் என்று நினைத்து, கீழே "அழைக்கவும்" என்று க்ரீமில் எழுதி அனுப்பிவிட்டார். உன் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்து வந்ததுதான் அந்தப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை, அதனால் தேதியோடு வரும் நேரத்தையும் குறிக்க இடம் வேண்டும் என்று நீ கேட்டாய். நானும் சேர்த்தேன். மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து பௌர்ணமி வரைக்கும் பட்டியல் எடுத்துப் பார்த்தாய். பௌர்ணமியன்று மூன்று அறைகள்தான் போயிருந்தன. எட்டு காலி. ஆந்திராவிலிருந்து பஸ்ஸில் வரும் கூட்டத்துக்கு எட்டையும் கொடுத்தாய்.

பௌர்ணமி அன்று விடியும் முன்பே பஸ் வந்தது. எட்டு அறையும் நிரம்பியது. ஆறு மணியிலிருந்து குடும்பம் குடும்பமாக வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரிடமும் நம் லாட்ஜ் அனுப்பிய புக்கிங் செய்தி இருந்தது. எட்டுக் குடும்பம்.

நீ ஃபோனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கெளம்பி வா. ஓனர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வராரு" என்றாய். பௌர்ணமியன்று வண்டி விடமாட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து கூட்டத்தில் நீந்தி நடந்தே வந்தேன். வழியெல்லாம் உனக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்றுதான் யோசித்தேன்.

வந்து பார்த்தால் நீ ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். "பௌர்ணமிக்கு வரவங்க ரூமுக்கா வராங்க? நடக்கத்தானே வராங்க. எவன் எப்போ நடக்கிறான்னு மட்டும் பாத்துக்கலாம்" என்றாய். பிறகு உன் அரைகுறைத் தெலுங்கில் பஸ் கூட்டத்திடம் போனாய். குளித்துவிட்டு இப்போதே கிளம்புங்கள், மதியம் ஆனால் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது என்றாய். உண்மைதான். எட்டு மணிக்குள் அவர்களைக் கிளப்பிவிட்டாய். நடந்து முடித்ததும் நேராகப் பெரிய கோயில் தரிசன வரிசைக்குப் போகச் சொன்னாய். பௌர்ணமி வரிசையில் நின்றால் நாலு மணி நேரத்துக்கு யாருக்கும் ரூம் ஞாபகம் வராது. எட்டுக் குடும்பத்திடம் போய், நீங்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுங்கள், வெயில் தாழ்ந்ததும் நாலு மணிக்கு நடக்கலாம் என்றாய். அவர்கள் கிளம்பும்போது பஸ் கூட்டம் திரும்பி வரும். குளித்துவிட்டு ஊருக்குப் போகும். இவர்கள் திரும்பும்போது அறை மறுபடி காலி.

நடுவில் பெட்ஷீட் மாற்ற வேண்டும். "புரோகிராம் போட்ட கைதானே, இதையும் போடு" என்று ஒரு அடுக்கை என் மேல் சாய்த்தாய். அன்று முழுக்கப் பெட்ஷீட் போட்டேன். ஒரு அம்மா என்னை லாட்ஜ் ஆள் என்று நினைத்து இரண்டு பக்கெட் வெந்நீர் கேட்டார். கொண்டுபோய் வைத்தேன். தண்ணீர் சூடு கம்மி என்று திட்டும் வாங்கினேன்.

ஐந்து மணிக்கு ஓனர் வந்தார். வராந்தா பெருக்கிச் சுத்தமாக இருந்தது. "எல்லாம் சரியாப் போச்சா? கம்ப்யூட்டர் எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் சார் இருக்குது. மாசத்தோட தேதியெல்லாம் படிச்சுடுச்சு. கடைசி நாளை மட்டும் இன்னும் கத்துக்கல. ஆளு இங்கயேதான் இருக்கான், சொல்லிக் கொடுத்துட்டிருக்கான்" என்று என்னைக் காட்டினாய். நான் கையில் அழுக்குத் தலையணை உறையோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் டீ வாங்கி வந்து, "இப்போ சொல்லு, ஏன்?" என்றாய். உன் காலண்டரைக் காட்டித்தான் சொன்னேன். இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரைக்கும் என்று எழுதியிருந்தேன். நேரம் எதுவும் சொல்லாவிட்டால், அந்தத் தேதி என்பது அது பிறக்கும் நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட்டார். நேரம் குறிக்காத பழைய மூன்று புக்கிங் மட்டும் உள்ளே நின்றது.

"அடப்பாவி, நாள் பொறந்த உடனே கிழிச்சுப் போட்டுடுதா?" என்றாய். "அடுத்த நாள் பொறக்கிற வரைக்கும் இந்த நாள் உயிரோட இருக்குனு எழுதுடா. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். கடைசித் தேதி வரைக்கும் என்பதை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த தேதிக்கு முன்னால் என்று மாற்றினேன். "எல்லா எடத்துலயும் மாத்திட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டாய். மாத்திட்டேன் என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

இன்று செல்வி என்னைக் கூப்பிட்டது ஒரு காகிதத்துக்காக. உன் மனைவி கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்கிறார். அதோடு நீ கடைசியாக வேலைக்கு வந்த நாள் வரைக்கும் வருகைப் பட்டியல் வேண்டும். உன் கடைசி இரண்டு மாதத்தில்தான் நான் அந்தப் பட்டியலை சாஃப்ட்வேரில் சேர்த்திருந்தேன். செல்வி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு உன் மனைவி அழுதிருக்கிறார். "அன்னிக்குக் காலையில இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினதே நான்தான். இதுல அன்னிக்கு அவர் வேலைக்கே வரலைனு இருக்குது."

மேஜையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து உன் கடைசி நாள் வரைக்கும் செல்வி கேட்டிருந்தாள். முந்தின நாளோடு நின்றிருந்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. புதுப் பட்டியல் எழுதச் சோம்பல்பட்டு, ஏதோ பழைய கோப்பிலிருந்து பழைய வரியை எடுத்து ஒட்டியிருக்கிறேன். புக்கிங் பக்கத்தையே நான்கு மாதமாகத் துழாவினேன். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அந்த வரியைத் திருத்துவதை எட்டிப் பார்த்த செல்வி, "ஓ, இதுவா? சார் அன்னிக்குக் காலையில இதைத்தான் பாத்துச் சிரிச்சிட்டிருந்தாரு. போன மாசத்துப் பட்டியல் எடுத்தோம். மாசக் கடைசி நாள் நம்ம யாருமே வரல, லாட்ஜ் தானா ஓடியிருக்குனு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றாள்.

"ஏம்மா இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணா."

மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. நீ பார்க்க வேண்டிய மூஞ்சி. செல்வி பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

பட்டியலை மறுபடி எடுத்தேன். ஒரு வரி கூடியது. உன் பெயர், அந்தத் தேதி, உள்ளே வந்த நேரம் ஏழு பத்து. நீ என்னைக் கூப்பிட்டது அதற்கு ஐம்பது நிமிஷம் கழித்து. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறதுடா. வேலை ஒன்றும் ஜாஸ்தி இல்லை அன்றைக்கு. வந்திருக்கலாம்.

வெளியே போன நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. தண்ணீரோடு வந்த செல்வி அதைப் பார்த்து, "ஆட்டோல ஏத்தினப்போ ஒண்ணே கால் இருக்கும். போட்டுடட்டுமா அண்ணா?" என்றாள்.

"வேணாம்மா. வந்தது மட்டும் இருந்தா போதும்" என்றேன்.

காகிதத்தை உன் மனைவிக்காக உறையில் போட்டோம். நாலாம் நம்பர்காரர் சாவியைக் கொண்டுவந்து வைத்தபோது பதினொன்றைத் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. செல்வி எழுந்து நேற்றைக் கிழித்தாள். அதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன்.