வண்டி நின்றது, கத்தி நிற்கவில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா நலம். எலுமிச்சைக் கன்றுகளும் நலம். என் வெள்ளைச் சட்டைகள் நலமாக இல்லை. திருமணமான நாள் முதல் உங்களை ‘நீ’ என்றே அழைத்தவன் இன்று மரியாதைப் பன்மையில் எழுதுவதைப் பாசம் என்று எண்ணிவிட வேண்டாம். தொலைபேசியில் பேசினால் அவள் காதில் விழும், ஆகவே கடிதம்.

சென்ற மாதம் வந்திருந்தபோது எங்கள் சிறிய டிராக்டரை அவளுக்கு ஓட்டப் பழக்கினீர்கள். ‘இது ஹைட்ரோஸ்டாடிக், ஆட்டோமேட்டிக் கார் மாதிரிதான். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கிளட்ச்சை மிதி. அப்புறம் அப்படி ஒண்ணு இருக்கிறதையே மறந்துடு அக்கா’ என்று அருளினீர்கள். கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளி நடத்துபவரின் வாக்கு ஆயிற்றே, அப்படியே மறந்துவிட்டாள்.

செவ்வாயன்று புல் வெட்டுகையில், பின்னால் பூட்டிய வெட்டும் கருவி எங்கள் துணிக்கொடியை இழுத்துக்கொண்டது. அவள் ஓட்டும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நின்றது. கத்தி நிற்கவில்லை. அந்த மிதியின் அதிகாரம் சக்கரத்தோடு சரி. கத்தியை எஞ்சின் சுழற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் எஞ்சினிலிருந்து ஒரே மிதியில் பிரிப்பதற்குத்தான், ஐயா, கிளட்ச். வேகம் கூட்ட, ஆமைப் படத்திலிருந்து முயல் படத்துக்கு நெம்புகோலை மாற்றவும் அதுவே வேண்டும். அதை மிதிக்காமலே அவள் மாற்றுவதால், இப்போது அந்த நெம்புகோல் கறகறவென்று உங்களைத்தான் ஏசுகிறது.

சட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உங்கள் அக்கா நிதானமாக, ‘ஏங்க பதறுறீங்க, அதான் வண்டி நின்னுடுச்சே’ என்றபடி, இருக்கையிலிருந்தே பின்னால் திரும்பி, ஒரு சட்டையை மீட்கக் கை நீட்டினாள். நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு இன்னும் அகப்படவில்லை.

பிறகு விளக்கிச் சொன்னேன். படமும் வரைந்தேன். ‘நீங்க படிச்சது புத்தகத்துல. என் தம்பி தினமும் ரோட்டுல சொல்லிக்கொடுக்கிறான்’ என்றாள். என் இயந்திரவியல் பட்டத்தின் மதிப்பு அத்துடன் முடிந்தது.

மழையில் தரை ஈரமாக இருக்கிறது. காய்ந்ததும் மிச்சப் புல்லை வெட்டப் போகிறாள். அதற்குள் அவளை அழையுங்கள். எது சிக்கினாலும் முதலில் கிளட்ச்சை முழுதாக மிதித்து, எஞ்சினை நிறுத்தி, கத்தி ஓய்ந்த பிறகே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், சொன்னால் செய்யமாட்டாள்.

அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள் என்பது எனக்கு எப்போதுமே எரிச்சல். இந்த ஒரு முறை, தட்டாமல் கேட்கட்டும். வானம் வெளுத்து வருகிறது. கடிதம் கண்டதும் அழைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்