அன்றைக்குச் சொல்லாத விலை

உன் நீல எனாமல் கோப்பை கிடைத்துவிட்டது.

நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அலமாரியில் இல்லை. காய்கறி தரம் பிரிக்கும் கொட்டகையில் இல்லை. நீ கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோன பையிலும் இல்லை. கொட்டகைப் பெண்களை ஒருத்தி விடாமல் விசாரித்து, "முதலாளி எங்கள சந்தேகப்படுறாரு" என்று பேச்சும் வாங்கிக்கொண்டேன். போன சனிக்கிழமை பல்கலைக்கழக நாடக விழாவில், மேடையில் ஒரு மேசைமேல் அது இருந்தது. விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது நம் மகள் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாள்.

நீ இருந்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாய். நான் பாதி வழியிலேயே சரக்கு, லோரி என்று ஏதாவது சொல்லித் திரும்பியிருப்பேன். இந்த முறை இழுத்துப் போக நீ இல்லை, தப்பிக்கவும் தோன்றவில்லை. காலையிலேயே பிரிஞ்சாங் மலையிலிருந்து கிளம்பினேன். மேடைக்குப் பூ வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். பின்னால் தக்காளிப் பெட்டிகள் நிறைந்துவிட்டதால் சிவந்திக் கட்டுகளை உன் இருக்கையில் வைத்தேன். கார் விடாமல் கத்தியது. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக அதற்கு நினைப்பு. கடைசியில் பூவுக்குப் பெல்ட் மாட்டிவிட்டேன். வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டி, நீ பிறந்த எஸ்டேட்டின் தேயிலைச் சரிவு பக்கத்தில் வந்தபோது, "அந்தா, எங்க லயம்" என்று யாரும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் சொன்னாய். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேனா, தெரியவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். அந்த வரிசை வீடுகளின் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள்.

விழாவில் எல்லாம் மாணவர்கள் சொந்தமாக எழுதியது. வேறு யார் எழுதியதையும் போடக்கூடாது, குழுவுக்கு அரை மணி நேரம். அரங்கத்தின் குளிர் நம் மலையைத் தோற்கடித்துவிடும். சுவெட்டர் போட்டுப் போனது நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, "அங்கிள் கெட்டிக்காரர் லா" என்றாள்.

நம் மகளின் நாடகம் ஐந்தாவது. முட்டை அட்டைக்குப் பச்சைச் சாயம் அடித்துத் தேயிலைச் செடி செய்திருந்தார்கள். ஒரு பெண் முதுகில் கூடையோடு வந்து, இரண்டு விரலால் கொழுந்து கிள்ளினாள். காலண்டர் படத்தில் பார்த்திருப்பாள் போல. நீ எழுந்து போய் அவள் கையில் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கொடுத்து, "இதால வெட்டுமா, கிள்ளிக்கிட்டு நின்னா கங்காணி சோறு போடமாட்டான்" என்றிருப்பாய்.

பிறகு ஓர் ஆள் வந்தான். காதில் போன், மறு காதில் பென்சில், நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் கீழே. மூட்டை தூக்கிச் சாய்ந்த என் தோள். பினாங்குப் பையனாம், என்னைப் பார்த்ததே இல்லையாம். அவன் மேசையில் உட்கார்ந்ததும் மனைவியாக நடித்த பெண் நீலக் கோப்பையில் தன் தேநீரைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டாள்:

"இன்னிக்கி என்னா வெல?"

உன் குரல் இல்லை. ஆனால் உன் கேள்வி.

நம் வீட்டு ஆறு மணி உனக்கு நினைவிருக்கும். கோலாலம்பூர் சந்தையிலிருந்து மறுநாள் விலை போனில் வரும். தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் இருபது காசு குறைத்துத்தான் சொல்வேன். மறைத்துப் பேசி என்ன, லோரி எண்ணெயும் நசுங்கும் சரக்கும் என் லாபமும் அந்த இருபதுக்குள்தான். உண்மை விலை எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்புறம் உனக்கு. போனை வைத்ததும் நீ கேட்பாய். நான் வந்ததை வந்தபடி சொல்வேன். நீ வியாபாரத்தில் புத்தியுள்ளவள் என்று எனக்குப் பெருமை. கூடக்குறைய நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மேடையில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "தெனமும் வெல கேக்குறியே, கட போடப் போறியா?"

அதற்கு நீ சொன்னாய். இல்லை, உன்னாக நடித்த பெண் சொன்னாள். "வேற எதக் கேட்டாலும் 'ம்'முன்னுதான் பதில் வரும் க்கா. காய்ச்சல்னாலும் ம், கல்யாணத்துக்குப் போலாமான்னாலும் ம். வெலய கேட்டா மட்டும் என் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த பேசுவாரு. அதான் கேக்கறது."

அரங்கமே சிரித்தது. பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். பாதியில் நின்றுபோனது.

முடிந்ததும் மகள் வெளியே வந்தாள். கண்ணில் மை கலைந்திருந்தது.

"எப்படிப்பா இருந்துச்சி?"

"முட்ட அட்டையில தேயில நல்லா வெளையுது."

"அப்பா."

"அம்மா நெசமாவே அப்படிச் சொன்னாளா?"

"நெசம்தான். போன்ல பதிஞ்சி வெச்சிருக்கேன். கேக்கறீங்களா?"

"வேணாம்."

எடுத்த போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "நாளைக்கு நடுவருங்க முன்னால போடணும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அந்தக் காட்சிய எடுத்துடறேன்" என்றாள்.

"எடுத்துட்டா என்னா மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாது."

நல்ல சரக்கைப் பார்த்தால் குறை சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று சொல்ல ஒன்றும் இல்லை. பேரம் மட்டும் பேசிப் பார்த்தேன். "காட்சி இருக்கட்டும். ஆனா அப்பன் சொல்ற மாதிரி ஒரு வரி சேத்துக்கோ. 'இது ஊருக்குச் சொல்ற வெல இல்ல, உனக்கு மட்டும் சொல்றது'ன்னு. அது உனக்குத் தெரியாது. அவளுக்குமே தெரியுமோ என்னமோ."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை உன்னுடையது.

"மாணவர் எழுதுனதத்தான் போடலாம், அது விதி. விதி இல்லன்னாலும் சேக்க மாட்டேன்பா. இது நீங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டியது. எங்கிட்ட கொடுத்தா நான் என்னா பண்றது?"

"அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"எழுதுங்க. என்னைக்கி லோரி போவும்னு எழுதத் தெரியுதுல்ல?"

கறாராகப் பேசினாள். கடைசியில் காட்சி அப்படியே இருக்கும், விழா முடிந்ததும் கோப்பை வீட்டுக்கு வரும், நான் எழுத வேண்டும் என்று முடிவானது. மறுநாள் பரிசு கிடைக்கவில்லை. கோப்பை வந்துவிட்டது. இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் தேநீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். உதிர்ந்த இடம் உதட்டில் உரசுகிறது. இதில் எப்படி இத்தனை வருஷம் குடித்தாய்?

மகளிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஈப்போ மருத்துவமனையில் அந்தக் கடைசி சாயங்காலம் உன் கட்டில் பக்கத்தில் இருக்கும்போதே சந்தையிலிருந்து போன் வந்தது. நடைவழிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். நீ கண் திறந்து, "இன்னிக்கி என்னா வெல?" என்றாய். நான், "பேசாமப் படு. இப்ப வெலதான் முக்கியமா?" என்றேன். கோபமில்லை, பயம். ஆனால் சொன்ன விதம் கோபம்போலத்தான் இருந்தது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். காலையில் நீ இல்லை.

விலை கேட்கிறாய் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். சாகக் கிடக்கும்போதும் வியாபாரமா என்று உன்மேல் எரிச்சல்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அந்தக் குளிர் அரங்கில்தான் தெரிந்தது, நீ கேட்டது அதையில்லை. உன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசச் சொன்னாய். இருபத்தாறு வருஷத்தில் நான் பதில் சொல்லாத ஒரே நாள் அன்றைக்குத்தான்.

ஆறு மணிக்கு இப்போதும் போன் வருகிறது. வைத்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பிவிடுகிறேன். உண்மை விலை வாய்வரை வந்து நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அத்தனையும் என்னிடமே கிடக்கிறது. எனக்கு விலை மறப்பதில்லை. அன்றையதும் மறக்கவில்லை.

அன்று தக்காளி கிலோ மூன்று வெள்ளி நாற்பது காசு. ஊருக்கு மூன்று இருபது என்று சொன்னேன். உனக்கு மூன்று நாற்பது.