அந்தரத்தில் முன்சக்கரம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாமே என்பீர்கள். டாக்டர் என்ற வார்த்தை வந்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி இல்லை.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே உங்கள் தம்பிக்கு ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாக அவன் பாதம் மட்டும் தெரிகிறது. வீங்கிப்போய் அவன் செருப்பே அவனுக்கு ஏறவில்லை, உங்களுடையதைப் போட்டு அழைத்து வந்தேன். வந்ததும் வராததுமாக டாக்டர், "அண்ணன் எப்ப வர்றாரு?" என்று கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மகள் சௌகரியம். முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால்தான் காட்டுவேன் என்று எல்லோரிடமும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன். திரைச்சீலைக் கடையில் என் முதலாளி லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஆனாலும் கொடுத்துவிடுகிறார்.

காலையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதியது தம்பிக்குத் தெரிய வேண்டாம். விடாத மழை. போன முறை டயாலிசிஸ் இந்த மழையால்தான் தவறியது. இந்த முறையும் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். டாக்சிக்காரரோ, "ரோடே இல்லம்மா, நான் எங்கேருந்து வர்றது?" என்று போனை வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் உங்கள் காரை எடுத்தேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எங்கே விட்டாலும் ஏறும் என்று வாங்கிய அன்று பீற்றிக்கொண்டீர்களே! மலையிறக்கத்து வளைவில் சாலையின் ஓரம் அப்படியே சரிந்து விழுந்தது. பள்ளத்துப் பக்க முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். தொங்கிய சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது. தரையில் இருந்த மற்ற மூன்றும் அசையவே இல்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். அதிர்வில் மேலும் மண் உதிர்ந்து, வண்டி ஒரு சாண் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் உடை நனைந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

"அண்ணி, நான் மெதுவா இறங்கிக்கவா? பாரம் குறையுமே" என்றான் தம்பி. அவன் பக்கத்துக் கதவைத் திறந்தால் பள்ளம். வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று கத்தினேன்.

அப்போதுதான் நீங்கள் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை அடுக்கி எனக்குப் பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு பெட்டி. அதில் கம்ப்யூட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெறும் சாய்வான பற்சக்கரங்கள்தான். ஒரு பக்கம் வழுக்கி ஓடப் பார்த்தால் அந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, பிடிப்புள்ள பக்கத்துக்கு விசையைக் கூட்டித் தள்ளும். வழுக்குகிற பக்கம் தாங்குவதைப் போல மூன்று மடங்கு வரைக்கும். ஒன்றுமே தாங்காவிட்டால் என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்லாததுக்கு மூணு மடங்கும் ஒண்ணுமில்லதான்" என்று சிரித்தீர்கள். காற்றில் தொங்குகிற சக்கரம் எதைத் தாங்கும்? அதைப் பார்த்துப் பெட்டியும் கையை விரித்துவிடுகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை லேசாக மிதிக்க வேண்டும், சுற்றுகிற சக்கரம் கொஞ்சமாவது எதிர்த்து நின்றால்தான் பின்பக்கத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு போகும் என்றீர்கள்.

மேஜையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். கண்ணுக்கு நேரே பள்ளம் இருக்கும்போது ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க யாருக்கு வரும்? கிளட்ச் இல்லாத வண்டி, இடது கால் சும்மாதான் இருந்தது. ஆனால் அது என் பேச்சைக் கேட்காமல் வெடவெடவென்று ஆடியது. தம்பி, "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கையால்தான். பிரேக் மெல்ல இறங்கியது. சக்கரத்தின் இரைச்சல் தணிந்தது. அடியில் ஏதோ கடகடவென்று இறுகியது. வயிறு தரையில் உரச உரச, வண்டி முனகிக்கொண்டே பின்னுக்கு ஏறியது.

மேலே வந்து நிறுத்தியதும் ஓவென்று அழுதேன். தம்பி எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவனுக்கு அளந்து வைத்த தண்ணீர் அது. "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. பாவம், பயந்துடுவார்" என்றான்.

அவன் நிலைமையில் அவன் உங்களுக்காகப் பரிதாபப்படுகிறான். எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. உங்கள் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது என்று ரிசல்ட் வந்த வாரமே அவசர வேலை என்று கிளம்பினீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்ததால்தான் இதுநாள் வரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்கவே மாட்டான். ஊசி குத்த நரம்பு இல்லை, இந்த மெஷினை ரொம்ப நாள் நம்ப முடியாது என்கிறார் டாக்டர். அவன் காதில் விழாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை ஏற்றிக்கொண்டு, காலையில் மலையை ஒட்டி உருட்டித் தாண்டிய அதே வளைவு வழியாகத்தான் திரும்ப வேண்டும். கல் கொட்டிச் சரிசெய்கிறார்களாம். பயம் தெளியட்டும் என்று காத்திருந்தால் இந்த நாற்காலியிலேயே இருக்க வேண்டியதுதான்.

கத்தி வைக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் நடுங்காது? பயப்படாதீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பயந்துகொண்டே வாருங்கள்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு,
உங்கள் மனைவி