எந்த ஊரு?

ஜூன் 3, செவ்வாய்
அறிக்கை வந்துவிட்டது. ஒரு வெளிநாட்டில், புகலிடம் கேட்டு வருகிற நம்மவர்களை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்க அதிகாரிகள் படிக்கும், இந்தியா பற்றிய தகவல் அறிக்கை. அதைச் சரிபார்க்கும் சுயேச்சைக் குழுவில் நானும் ஒருத்தி. தாராவி ஃபர்ஸானா! உம்மா சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். இருக்கட்டும், எனக்கும் பெருமைதான்.

ஜூன் 5
ஒரு வரி முள்ளாகக் குத்துகிறது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து ஓடிவரும் தமிழ் ஜோடிகள் தாராவி நெரிசலில் யாருக்கும் தெரியாமல் வாழலாமாம். அதனால் புகலிடம் தேவையில்லையாம். அடிக்குறிப்பைத் தேடிப் போனால், ஒரு பயணக் கட்டுரை! அதில் கூட்டத்தைப் பற்றி இருக்கிறது, ஒளிந்து வாழ்வதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கே சந்துக்குச் சந்து ஒரே ஊர்ப் பக்கத்துச் சனம்; புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்த ஊரு?" அடுத்தது "யாரு மவ?"

ஜூன் 9
வீடியோ கூட்டம். அந்த வரி தப்பு, எடுக்க வேண்டும் என்றேன். குழுத் தலைவர் மென்மையாகத்தான் கேட்டார்: "நீங்கள் அங்கேயே வசிப்பவர். அது சார்பாகாதா?"
ஒரு மத்தியானம் சுத்திட்டுப் போய்க் கட்டுரை எழுதினவனுக்குச் சார்பு கிடையாது, பொறந்து வளர்ந்த எனக்கு உண்டா? வாயில் வந்ததை விழுங்கினேன். ஆதாரம்தானே வேணும் — தாறேன்.

ஜூன் 14
மாடிக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், புருஷனோடு. சென்னை என்றாளாம். உம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "சென்னைக்காரி 'அங்கன'ம்பாளா? களக்காட்டுப் பக்கம்லா! இரி, ஊருல இருக்க ஒம் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டா யாரு மவன்னு தெரிஞ்சிரும்."
போனைப் பிடுங்கினேன். "உம்மா, அவ எதுக்கு ஊரை மறைக்கா?"
அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். உம்மா போனை என்னிடமே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜூலை 2
சந்து சந்தாக அலைந்து முடித்தேன். ஓடிவந்து பிடிபட்டவர்கள் பேசினார்கள், பெயர் போட மாட்டேன் என்ற உறுதியில். எல்லாக் கதையிலும் அதே கேள்விதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.
மாடிப் பெண்ணிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21
வரி போய்விட்டது! புது அறிக்கையில் இப்படி இருக்கிறது: "ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில், ஓடிவந்தவர்கள் எளிதில் அடையாளம் காணப்படலாம்." என் வாக்கியம். யாரோ ஒரு பெண்ணின் மனுவோடு அதிகாரி இனி இதையும் படித்தாக வேண்டும். சந்தோஷத்தில் அழுதேன்.

ஆகஸ்ட் 24
குழாயடியில் பார்வதியம்மாள், அவருக்கும் களக்காடுதான், மாடியைக் காட்டிக் கேட்டார்: "அந்தப் புள்ள எந்த ஊரு? யாரு மவ?"
உம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
"சென்னைலா. பேச்சுலயே தெரியலயா?"