புறக்கணிப்பு வாரத்தில் ஒரு ஜாமீன் மனு

செவ்வாய், 9

விடிந்ததிலிருந்தே புழுக்கம். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. திண்டிவனத்திலிருந்து நின்றுகொண்டே. கோட்டு கையில், கேஸ் கட்டு கக்கத்தில்.

இன்று ஏழுமலையின் ஜாமீன் மனு. கிளியனூர் பையன், இருபத்திரண்டு வயது. திருவிழாவில் மைக்செட் தகராறு. வேடிக்கை பார்த்த இவன் பெயரையும் போலீஸ் சேர்த்து எழுதிவிட்டது. வருகிற திங்கட்கிழமை கம்பெனி வேலையில் சேர வேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள்.

கோர்ட் வாசலிலேயே வக்கீல் சங்கச் செயலாளர் மடக்கினார். "உள்ள போவாதம்மா. வெள்ளிக்கெழம வரைக்கும் புறக்கணிப்பு. தீர்மானம் போட்டாச்சு."

காரணம் கேட்டால் சிரிப்பதா, அழுவதா. நம் உறுப்பினர் ஒருவர் டோல்கேட்டில் காசு தரமாட்டேன் என்று காரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். வந்த எஸ்.ஐ. "யோவ், வண்டிய எடுய்யா" என்றாராம். வக்கீல் சமூகத்துக்கே அவமானமாம்.

ஏழுமலையின் அம்மா அஞ்சலை வந்திருந்தார். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு. நகக்கண்ணில் இன்னும் மண். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருத்தர யோவ்னு கூப்ட்டதுக்கா எம்புள்ள உள்ள கெடக்குறான்? என்ன தெனம் எத்தினி பேரு வாடி போடின்றாங்க. நான் எந்தக் கோர்ட்ட மூடுனேன்?"



புதன், 10

தூறல். துணி காயவில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். கோட்டில் ஒரு பொத்தான் தொங்குகிறது.

செயலாளருக்கு போன். ஜாமீன் மனுக்களுக்கு மட்டுமாவது விலக்கு கொடுங்கள் என்றேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. ஊரோட ஒத்துப் போம்மா. நாலு நாள் உள்ள இருந்தா இன்னா ஆயிடும்?"

எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. எங்கள் ஆட்களுக்குத் தெரியாத சட்டமா! டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டே அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது நான். சங்கம் இல்லை.

பொத்தான் தைத்தாயிற்று.

வியாழன், 11

உள்ளே போனேன்.

வாசலில் பத்திருபது பேர். எல்லாம் தெரிந்த முகங்கள். "கருங்காலி!" என்று ஒரு குரல். இன்னொன்று, "பொம்பளையாச்சேன்னு பாக்குறோம்." நின்றால் திரும்பிவிடுவேன் என்று நிற்காமல் நடந்தேன்.

ஹால் காலி. மின்விசிறிச் சத்தம் மட்டும். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்குப் புறக்கணிப்பு இல்லையாம்மா?"

"என் கட்சிக்காரர் புறக்கணிக்கலைங்க, ஐயா. அவர் ஜெயில்ல இருக்கார்."

போலீஸின் ஆட்சேபணையைப் படித்தார். என்னைப் பேசவிட்டார். ஜாமீன் கொடுத்தார். இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும்.

ஸ்கூட்டர் இருந்திருந்தால் காற்றைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். பஸ்ஸில் போகிறவளை என்ன செய்வார்கள்? முறைத்தார்கள், அவ்வளவுதான்.

வெள்ளி, 12

கேஸ் இருப்பது திண்டிவனம் கோர்ட். அங்கே புறக்கணிப்பு இல்லை, பிணை வேலை முடிந்தது. அஞ்சலையின் தம்பி ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். சாயங்காலம் பையன் வெளியே. அஞ்சலை போனில்: "வந்துட்டாம்மா. களி துன்னுக்கினு கீறான். உனக்கும் வெச்சிருக்கேன், வா."

கூடவே சங்கத்தின் நோட்டீஸும் வந்தது. நான் தொழில் நெறியை மீறிவிட்டேனாம். ஏன் நீக்கக்கூடாது என்று விளக்கம் தர வேண்டுமாம். தொழில் நெறி! கட்சிக்காரனைக் கைவிட்டவன் யோக்கியன், கைவிடாதவள் துரோகி.

எஸ்.ஐ. மன்னிப்புக் கேட்கவில்லையாம். புறக்கணிப்பு அடுத்த வாரமும் நீட்டிப்பு.

ஞாயிறு, 14

மாவு பொங்கி வழிந்துவிட்டது. அடுப்படி முழுக்கத் துடைத்தேன். வெயில்.

மத்தியானம் செயலாளரிடமிருந்து போன். நீக்கியாயிற்று என்று சொல்லப்போகிறார் என்று எடுத்தேன். குரல் இறங்கியிருந்தது. அவர் தங்கையின் கணவரை நேற்று கைது பண்ணிவிட்டார்களாம். ஏதோ பார்க்கிங் சண்டை, கைகலப்பு. ரிமாண்ட்.

"தங்கச்சி அழுதுக்கினே இருக்குதும்மா. நாளைக்கே ஜாமீன் மனு போடணும்."

"புறக்கணிப்ப நீட்டிச்சிருக்கீங்களே, சார்."

"அதுக்குத்தாம்மா உன்னக் கேக்குறேன். நீதான் எப்படியும் உள்ள போய்ட்டியே."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் உள்ளே கிடப்பது இவர் இல்லை. பின்னால் அந்தத் தங்கையின் அழுகை போனிலேயே கேட்டது.

"போடுறேன், சார். ஆனா வக்காலத்துல என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரும் இருக்கணும். நீங்களும் கோட்டு போட்டுக்கினு என்கூட உள்ள வரணும். வாசல் வழியா."

போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

தோசைக்கல்லைக் காயவைத்தேன். மறுபடியும் போன்.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்றார்.