என் வளையலுக்கு வந்த தங்கை

12 மார்ச் 1943, வெள்ளி.

சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய் ஓராண்டாகிறது. அங்கே வேலையிலிருந்த என் மகன் ரகுவிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

நாத்தனார் கமலம் நச்சரித்ததால் இன்று நல்லம்பள்ளியில் ஆவி அழைப்பவன் ஒருவனிடம் போனோம். இறந்தவருடைய பொருளைக் கையில் கொடுத்தால் அவர் ஆவி அவன்மேல் வருமாம். முதலில் சோதிக்க நினைத்தேன். என் வளையலையே கழற்றி, செத்துப்போன தங்கையுடையது என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது.

"சின்ன வயசுங்களா?" என்று என் முகத்தையே பார்த்தான். தலையசைத்தேன். "காய்ச்சலுங்களா?" அதற்கும் தலையசைத்தேன். உடனே உடம்பு நடுங்க, "அக்கா, தண்ணி குடுக்கா" என்று அழுதான்.

பிறகு ரகுவின் சட்டையைக் கொடுத்தேன். வெகுநேரம் பிடித்திருந்தான்.

"ஆவி வரலீங்கம்மா. புள்ள உசுரோட இருக்காருங்க."

திரும்பும்போது வண்டியில் கமலம் திட்டினாள். "இல்லாத தங்கச்சியச் சாகடிச்சீங்களே அண்ணி, வாய் கூசலீங்களா? நீங்க பொய் சொன்னீங்க, பொய் வந்துச்சு. ரகு சட்டை நெசந்தானுங்களே?"

இந்த ஓராண்டில், ரகு உயிரோடு இருக்கிறான் என்று உறுதியாகச் சொன்னவன் அந்த ஒருவன்தான். அவன் பொய்யன் என்பதை அதற்கு முன்பே நிரூபித்துவிட்டேன். சட்டையை முதலில் கொடுத்திருந்தால் இன்று ஒரு நாளாவது தூங்கியிருப்பேன்.

வரும் வெள்ளி கமலம் மறுபடி போகிறாள். ரகுவின் சட்டையோடு மட்டும் நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வளையல்களை இப்போதே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.